இளவெயில் ஊசி

மயக்க மருந்து டாக்டர் என்றதும் தூங்க வைக்கிறவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தூங்க வைப்பதில் என்ன பெரிய சாமர்த்தியம் இருக்கிறது? நல்ல பொதுக்கூட்டம் ஒன்றுக்குப் போனால் அதுவும் நடந்துவிடும். எழுப்புவதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. அதிலும் எழுபதைத் தாண்டியவர்களை எழுப்புவது.

இளவெயில் ஊசி வந்த பிறகு எங்கள் வேலையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள், நோயாளியின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்க வாழ்க்கையிலேயே நல்லா கதகதன்னு இருந்தது எப்போங்க?" என்று கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள் இதற்கு 'வெயில் கேட்கிறது' என்று பேர் வைத்திருக்கிறார்கள். "டாக்டர், எட்டாம் பெட்டுக்கு வெயில் கேட்டாச்சா?" என்பார்கள், சாப்பாடு ஆச்சா என்பது போல.

கேட்டால் வரும் பதில்கள் இருக்கிறதே! மார்கழி மாதத்து வெந்நீர்ப் பானை. மில்லில் ஸ்பின்னிங் ஹாலின் புழுக்கம். காய்ச்சல்காரக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தது. ஒரு ரிட்டயர்டு பேராசிரியர் மட்டும் காஷ்மீரில் பனி கொட்ட, கணப்படுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அரை மணி நேரம் வர்ணித்தார். ஆபரேஷன் முடிந்து ஊசி போட்டதும் அதையே அவர் காதில் சொன்னேன். மனிதர் கட்டில் ஆட நடுங்கினார். பழைய மருந்தெல்லாம் போட்டு ஒரு வழியாக நிறுத்தினோம். வெளியே அவர் மனைவி, "காஷ்மீரா? இவர் கோபிச்செட்டிபாளையத்தைத் தாண்டுனதில்லைங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், இளவெயிலிடம் பொய் செல்லாது.

ஆறுச்சாமியிடம் வெயில் கேட்கப் போனபோது அவர் மனைவி வசந்தாமணி வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டார்.

ஆறுச்சாமி பொள்ளாச்சிக்காரர், எண்பதை நெருங்குகிறவர், வால்பாறை ரூட்டில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஏற்கெனவே இதயத்தில் பைபாஸ் ஆனவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்க வழியில்லை. முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டும். வசந்தாமணி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். என்னையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"ஏனுங் டாக்டரம்மா, நல்ல கம்பளியா ரெண்டு போத்தி உட்டா ஆகாதுங்களா? இந்த ஊசி போட்டே ஆகோணுமா?"

"போத்துவோம்ங்க. சூடான காத்து ஊதற போர்வையே வெச்சிருக்கோம். ஆனா அது மேல் தோலுக்குத்தான். ஆபரேஷன்ல உள்ளுக்குள்ள ஒடம்பு குளுந்து போயிடும். முழிப்பு வந்ததும் மூளைக்கு அது தெரிஞ்சுபோகும். நடுங்குன்னு உத்தரவு போட்டுடும். நடுங்கறதுன்னா என்னங்க? படுத்த எடத்துல இருந்துக்கிட்டே மலையேறற மாதிரி. இவர் இதயத்துக்கு அவ்வளவு தெம்பு இல்லை."

"அந்தக் காலத்துல எல்லாம் ஆபரேஷன் பண்ணலீங்களா? அப்ப என்ன குடுத்தாங்க?"

"அந்த மருந்து இப்பவும் இருக்குது. இவர் வயசுக்குக் குடுத்தா மூச்சு மந்தமாயிடும். ஆளு யாரு எவருன்னு தெரியாம ரெண்டு நாளைக்கு உளறிட்டுக் கெடப்பார். சில பேர் அதுல இருந்து திரும்பி வர்றதே இல்லீங்க. இளவெயில் அப்படியில்லை. மூளையில குளிரைக் கவனிக்கிற எடத்துல போய் உக்காந்துக்கும். அந்த நேரம் பார்த்து காதுல ஒரு கதகதப்பான ஞாபகத்தைச் சொன்னா, மூளை அங்க போயிடும். குளிர்றது மறந்து போகும். கொஞ்ச நேரத்துல ஒடம்பு நெசமாவே சூடாயிடும்."

"அப்புறம் அந்த ஞாபகம் என்னாகும்? அதையும் சொல்லுங்க."

சொன்னேன். சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை. நடந்தது நடந்தபடி நினைவிருக்கும். தேதி, இடம், ஆள் எதுவும் மறக்காது. ஆனால் அதில் சூடு இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கதை போல ஆகிவிடும். ஒரு ஞாபகம் ஒரு முறைக்குத்தான் ஆகும்.

"எனக்கு நீங்க சொல்லோணுமா?" என்றார் வசந்தாமணி. "பைபாஸ் பண்ணுனப்பவே இந்த ஊசிதான் போட்டாங்க. அப்ப இது புதுசு, பின்னால இப்படியாகும்னு டாக்டருங்களுக்கே தெரியல. எம் புள்ள யாழினி பொறந்தப்ப இவரு நெஞ்சு மேலதான் தூங்கும். அதைச் சொன்னாரு. ஊசி நல்லா வேலை செஞ்சுது, உசுரோட வந்தாரு. ஆனா அதுவரைக்கும் 'பாப்பா, பாப்பா'ன்னு உசுரை உடுவாரு. அதுக்கப்புறம் அவ வந்தா, 'வா யாழினி, ஊர்ல எல்லாம் சௌக்கியமா?'ங்கறாரு. தூரத்து ஒறம்பரை வந்த மாதிரி. அதோ பாருங்க, உக்காந்திருக்கறா. அவதான் ஆம்புலன்ஸ் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா. 'ரொம்ப உபகாரம்'னு கையெடுத்துக் கும்புடறாரு, பெத்த அப்பன்!"

தாழ்வாரத்து நாற்காலியில் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

உள்ளே போனோம். ஆறுச்சாமி காலில் எடை கட்டிய நிலையிலும் உற்சாகமாகத்தான் இருந்தார். நான் கேள்வியை முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"அதுக்கென்னங்க, இருக்குதுங்க. காலைல மொத வண்டி. அப்பெல்லாம் டீசல் வண்டிங்க. இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்துலயே, வண்டிக்குள்ளயே இருக்கும். மேல பெருசா ஒரு மூடி, பேனட்டுன்னு சொல்லுவோம். வெய்யக் காலத்துல காலு வெந்துபோகும். ஆனா மலைமேல போய்ட்டா அதுதானுங் சொர்க்கம். ஆழியாறு தாண்டி வளைவு ஏற ஏற குளுரு புடிச்சுக்கும். அட்டகட்டில டீ குடிச்சா கிளாஸ் கையில ஒட்டிக்கும். கண்ணாடிக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது, வெள்ளையா மேகம். திங்கக்கெழமையானா டீச்சர் ஏறும். பேனட்டை ஒட்டுன சீட்டைத் துண்டு போட்டுப் புடிச்சு வெச்சிருப்பேன். யாராச்சும் உக்கார வந்தா, 'சீட்டு ஒடஞ்சிருக்குதுங்க'ன்னுருவேன்."

"ஒடஞ்ச சீட்டுல என்னை மட்டும் உக்கார வெச்சாரு" என்றார் வசந்தாமணி. முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, பாவம்.

"டீச்சர் செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு காலையும் பேனட் மேல வெச்சுக்கும். டீசல் வாசம், டேப்புல பாட்டு, பின்னால பூராப் பேரும் தூங்குவாங்க. ரொட்டிக்கடை ஸ்டாப் வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டோமுங்க. எதுக்குப் பேசோணும்? அந்தச் சூடே போதும். இப்ப இருக்கற கரண்டு பஸ்ஸுல உக்காந்து பாருங்க, ஐஸ்பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குது." அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடுப்பு உடைந்து கிடக்கிற மனிதரின் முகம் போலவே இல்லை. "அதையே வெச்சுக்கங்க டாக்டரம்மா. அதை உட்டா எனக்கு வேற ஏது?"

"குடுத்துருவீங்களா?" வசந்தாமணியின் சிரிப்பு போயே போய்விட்டது. "எம் புள்ளையக் குடுத்தீங்க. இப்ப என்னையும் குடுத்துட்டு, எந்திரிச்சு வந்து எனக்கும் கும்புடு போடப் போறீங்களா? 'வாங்க டீச்சர், சௌக்கியமா'ன்னு?"

"உசுரு இருந்தாத்தான அம்மிணி மத்ததெல்லாம்."

"இந்த வயசுல உங்ககிட்ட எனக்கு வேற என்ன இருக்குது? சொத்தா, சொகமா? அந்த சீட்டு ஒண்ணுதான் இருக்குது!" சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் ஆறுச்சாமியிடம் குரலைத் தாழ்த்தினேன். "நல்லா யோசிச்சுப் பாருங்க. டீச்சர் இல்லாத ஒரு சூடு. சின்ன வயசு, ஸ்கூலு, அம்மா, எதுவா இருந்தாலும் சரி."

"அம்மாளை நான் பாத்ததே இல்லீங். சித்திதான். அங்க ஏதுங்க சூடு?"

"டீச்சர் வர்றதுக்கு முன்னாலயும் அந்த வண்டியை நீங்கதானே ஓட்டுனீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, எதிர் கட்டடத்தின் ஏசி மெஷின்கள்தான். "இருக்கறதையெல்லாம் சொல்லோணும்னு இல்லையேங்" என்றார். அப்புறம், "பஸ்ஸுதானுங். டீச்சரே சொல்லட்டும். அது கொரல் கேட்டா எனக்குப் போதும்."

அது எங்கள் வழக்கம்தான். ஞாபகத்தில் இருக்கிற ஆளே காதில் சொன்னால் மருந்து நன்றாகப் பிடிக்கும். அதனால் மயக்கம் தெளிகிற நேரத்தில் சொந்தக்காரர் ஒருவருக்குப் பச்சை கவுன் மாட்டி உள்ளே விடுவோம்.

மறுநாள் காலை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எலும்பு டாக்டர் விசிலடித்துக்கொண்டே கையுறையைக் கழற்றிவிட்டுப் போனார். அவருக்கென்ன, அவர் வேலை முடிந்தது. உடம்பின் உள்சூடு முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே வந்திருந்தது. நான் இளவெயிலை ஏற்றினேன். தொண்டையிலிருந்து குழாயை எடுத்ததும் ஆறுச்சாமி தானாக மூச்சுவிட ஆரம்பித்தார். வசந்தாமணியைக் கூப்பிட்டேன். பச்சை கவுனில், பச்சைத் தொப்பியில், கண் மட்டும் சிவந்து தெரிந்தது. ராத்திரி தூங்கவில்லை போல.

"நேத்து அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க. டீசல் வாசம், பேனட்டு, உங்க காலு. மெதுவா, காதுக்குப் பக்கத்துல."

தலையாட்டினார். குனிந்தார். ஆறுச்சாமியின் தாடை லேசாகத் துடிக்க ஆரம்பித்திருந்தது. நடுக்கம் எப்போதும் தாடையில்தான் தொடங்கும். என் கண் இதயத் துடிப்பு காட்டும் திரையில் இருந்தது.

"ஏனுங்க," என்றார் வசந்தாமணி. "மழை கொட்டுது. அட்டகட்டிக்கு மேல மண்ணு சரிஞ்சு ரோட்டுல கெடக்குது. வண்டி நின்னுபோச்சு. சாயங்காலம் வரைக்கும் நகராது. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸு, சூசம்மா, உங்க பக்கத்து சீட்டுல உக்காந்திருக்குது. பச்சை ஸ்வெட்டர். 'இன்ஜின் ஆப் செய்யண்டா சேட்டா, குளுருது'ங்குது. நீங்க இன்ஜினை அணைக்கல. அவ ரெண்டு கையையும் பேனட் மேல வெச்சிருக்கறா. அந்தக் கை மேல உங்க கை இருக்குது. சுடுது. ரெண்டு பேரும் எடுக்கல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னம்மா சொல்றீங்க? பஸ்ஸைச் சொல்லுங்க, உங்க பஸ்ஸை!" என்று அவர் தோளைப் பிடித்தேன். அவர் நகரவில்லை. திரும்பவும் அதையே சொன்னார், வார்த்தை மாறாமல், பாடம் நடத்துகிறவர் போல.

ஆறுச்சாமியின் தாடை நின்றது. தோள் தளர்ந்தது. திரையில் நூற்றுப் பத்தைத் தாண்டியிருந்த துடிப்பு மெல்ல மெல்ல எண்பதுக்கு இறங்கியது. அவர் முகத்தில், என் சர்வீஸில் நான் எத்தனையோ பேரிடம் பார்த்த அந்த வெயில் வந்து விழுந்தது. உதடு லேசாக விரிந்தது. சுத்தமாக நடுக்கம் இல்லை.

வசந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து உட்கார வைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"டீச்சரா இருந்தவங்க நீங்க! வேலை செய்யலைன்னா என்னாயிருக்கும்? ஆள் போயிருப்பாரு, தெரியுமா?"

"இன்னும் கொஞ்சம் நடுங்கியிருந்தா பஸ்ஸைச் சொல்லியிருப்பேனுங்க. அதை நாக்கு நுனில வெச்சுக்கிட்டுத்தான் குனிஞ்சேன்." பச்சைத் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். "சூசம்மா எனக்கு முந்தி. கல்யாணத்தன்னைக்குக் கண்டக்டர் மயில்சாமிதான் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு விடாம என்கிட்ட சொன்னாரு. கண்ணாடில பாத்தாராம். இவர்கிட்டக் கேட்டேன். 'அவன் கெடக்கறான் அம்மிணி, அப்புடியெல்லாம் ஒண்ணுமில்லை'ன்னாரு. அம்பது வருஷமா எப்பக் கேட்டாலும் ஒண்ணுமில்லைதான். நானும் ஒரு மாதிரி நம்பிட்டேன்."

"நம்பிட்டு எதுக்குங்க அதைப் போய்ச் சொன்னீங்க?"

"பாதிதானுங் நம்புனேன்." மூக்கை உறிஞ்சினார். "நடுங்கட்டும், அவ ஒண்ணுமில்லாதவளா இருக்கட்டும்னு ஒரு மனசு. நடுங்கக் கூடாது சாமி, இவரு பொழச்சுக்கட்டும்னு ஒரு மனசு. தாடை நின்னுது பாருங்க, அப்ப எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல. பொழச்சாரு. ஆனா சுட்டிருக்குது, டாக்டரம்மா. நெசமாவே சுட்டிருக்குது அவருக்கு."

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். ஆறுச்சாமி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும், "அம்மிணி, பயந்துட்டியா?" என்று கையை நீட்டினார். அந்தக் கை வசந்தாமணியின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவருடைய திங்கட்கிழமைகள் பத்திரமாக இருந்தன.

வசந்தாமணி விடவில்லை. "ஏனுங்க, சூசம்மாவ நெனப்பிருக்குதுங்களா?"

"சூசம்மா..." கஞ்சியை விழுங்கினார். "ஆமா. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸு. நம்ம வண்டில வரும். மண்ணு சரிஞ்சப்ப ஒருக்கா கூட உக்காந்திருந்துச்சு. கையைப் புடிச்சேன். அப்புறம் மாத்தலாகிக் கோட்டயம் பக்கம் போயிருச்சு. எதுக்குக் கேக்கறே?"

ஐம்பது வருஷமாக வராத பதில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போல வந்தது. ஒளிப்பதற்கு அவருக்கு இப்போது காரணமே இல்லை. வசந்தாமணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சும்மாதானுங்" என்றார். யாழினி கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கழுவப் போனார். ஆறுச்சாமி அவருக்கு நன்றி சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஆறுச்சாமி தூங்கிவிட்டார். நான் கிளம்பியபோது வசந்தாமணி லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தார்.

"எனக்கே பாவமா இருக்குதுங். பைபாஸப்ப புள்ளையக் குடுத்தது அவரு. அவருதான் வாயத் தொறந்து சொன்னாரு. இதை நான் அவரைக் கேக்காமயே எடுத்துட்டேன். ஒரு மனுசன் எடுத்து வெச்சிருந்தது. எத்தனை மழைக்கு அதை நெனச்சுக்கிட்டாரோ."

"உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க. அதை நெனைங்க." எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

"இன்னொண்ணு இருக்குதுங். நீங்க கேட்டப்ப, அவளைச் சொல்லாம என்னையத்தானே குடுக்கறேன்னாரு? என் மனசு நோகக் கூடாதுன்னு அவளை மறைச்சாரா? இல்லை, நான் போனாலும் பரவால்ல, அவ இருக்கட்டும்னு நெனச்சாரா?"

"அவர்கிட்டயே கேளுங்களேன். இப்பத்தான் ஒளிக்காம சொல்றாரே."

"இப்பக் கேட்டு என்னுங்க பண்றது? சொல்லத் தெரிஞ்ச ஆளு காலைலயே போயாச்சு, அந்தச் சூட்டோட." லிஃப்ட் வந்தது. கதவு மூடாமல் கையை வைத்துக்கொண்டார். "டாக்டரம்மா, ஒண்ணு சொல்லி வெச்சுக்கறேன். நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆபரேஷன்னு வந்துச்சுன்னா, என் காதுல நீங்களே பேசுங்க. இவரை உள்ள உட்டுராதீங்க."

"அவர் கொரல்னாத்தானே உங்களுக்கு நல்லா புடிக்கும்?"

"உட்டுராதீங்கன்னா உட்டுராதீங்க." லிஃப்ட்டுக்குள் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் அப்புடி எடுத்து வெச்சிருக்கறது ஒண்ணு இருக்குதுங். இவருக்கு அது தெரியும். தெரிஞ்சும் இத்தனை வருஷத்துல ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லீங் அந்த மனுசன்."